குட்டிகளைப் பிரித்த கிழமை

கையை உள்ளே விட்டால் சுடும். முயல் குட்டி போட்ட பெட்டி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சூடுதான். தாய் முயல் தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கிச் சாக்குத் துண்டின் மேல் பரப்பி வைத்திருக்கும். அதற்குள் விரலை நுழைத்தால் இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததுபோல் ஒரு வெக்கை அடிக்கும், அந்த வெக்கையின் அடியில் ஐந்து குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து துடிக்கும். எனக்கு அப்போது பத்து வயது. கொட்டாஞ்சேனையில் வரிசையாகப் பதினாறு வீடுகளும் அவற்றுக்குப் பொதுவாக இரண்டு தண்ணீர்க் குழாய்களும் இருந்த ஒரு “தோட்டத்தில்” குடியிருந்தோம். கொழும்பில் தோட்டம் என்றதும் மரம் செடி என்று நினைத்துவிடக் கூடாது. நெருக்கியடித்து நிற்கும் வரிசை வீடுகளுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். எங்கள் தோட்டத்தில் மரம் என்று இருந்தது குழாயடியில் நின்ற ஒரு பப்பாசி மட்டும்.

முயல் எங்கள் வீட்டுக்கு வந்தது மீன் சந்தையிலிருந்து. அப்பா பேலியகொடையில் மீன் பெட்டி இறக்கும் வேலை செய்தார். அவரோடு வேலை செய்த சுனில் மாமா களனிப் பக்கத்தில் முயல் வளர்ப்பவர். ஒரு நாள் ஒரு பெட்டை முயலை பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, மகளுக்குக் கொடு என்று அப்பாவின் கையில் தந்துவிட்டார். வரும்போதே அது சினையாக இருந்ததை அவர் சொல்ல மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. உடம்பு முழுக்க வெள்ளை என்பதால் நான் அதற்குப் பவுடர் என்று பெயர் வைத்தேன். அப்பா ஒரு பழப் பெட்டியைப் பிரித்து, கம்பி வலை அடித்துக் கூடு செய்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த முடுக்கில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். மீன் வாடையோடு வரும் அப்பாவைக் கண்டால் பவுடர் பின்னங்காலால் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டும். எங்கள் வீட்டில் அவருக்கு எதிராகச் சத்தம் போட்ட ஒரே ஆள் அதுதான்.

பவுடரின் தாய்மை எனக்குத் திருப்தியாக இல்லை. குட்டிகள் பெட்டியின் ஒரு மூலையில் கிடக்க, அது மற்ற மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலை தின்னும். பிள்ளைகளைத் திரும்பியும் பார்க்காது. விடிகிற நேரத்தில் ஒரு தடவை குட்டிகளின் மேல் போய் நிற்கும், ஐந்து நிமிஷத்துக்குள் இறங்கிவிடும், அவ்வளவுதான், அந்த நாளைக்கு அதன் கடமை முடிந்தது. எனக்கோ வீட்டுக்குள் பதினான்கு மாதத் தம்பி அம்மாவின் மடியை விட்டு இறங்காமல் நாள் முழுக்கக் குடிப்பதைப் பார்த்துப் பழகிய கண். குட்டிகள் பட்டினியில் செத்துவிடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவை சாகவில்லை. பத்து நாளில் கண் திறந்தன, மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆனதும் பெட்டிக்கு வெளியே வந்து கங்குன் கீரையை முகர்ந்து பார்த்தன. கீரையை ஈரத்தோடு போட்டால் குட்டிகளுக்கு வயிற்றால் போகும் என்று சுனில் மாமா சொல்லியனுப்பியிருந்ததால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கங்குனைக் கட்டிலுக்குக் கீழே பேப்பரில் விரித்து வாட வைப்பது என் வேலையாக இருந்தது.

அந்த வருஷம்தான் அப்பா சந்தையில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு பாரம் தூக்க முடியவில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. யார் அந்த முடிவை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் நான்கு வீட்டு அம்மாமார் ஏற்கெனவே போயிருந்தார்கள், அதனால் யாரும் அதைப் பெரிய விஷயமாகக் கதைக்கவில்லை. பாஸ்போட் வந்தது, மெடிக்கல் முடிந்தது, வியாழக்கிழமை வேன் வரும் என்றார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடையதோ போல இருக்குமே, கிட்டத்தட்ட அப்படி இருந்தது. அந்த மாதம் முழுவதும் அப்படியே இருந்தது.

வீட்டில் இருந்த ஒரே கவலை தம்பிதான். அவன் பால் ஊற்றிய “சூப்பிப்” போத்தலைக் கண்டாலே கையால் தட்டிவிடுவான். பால்மா கரைத்துக் கரண்டியால் ஊட்டினால் துப்புவான். சோற்றை இரண்டு வாய் தின்றுவிட்டு, வாயைத் துடைக்க அம்மாவின் சட்டையைத் தேடிப் போவான். வியாழக்கிழமைக்குள் அவன் பால் மறந்தாக வேண்டும். மறக்காவிட்டால் அம்மா பிளேன் ஏறிய பிறகு பிள்ளை என்ன ஆவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா கொச்சிக்கடைச் சேர்ச்சுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். அதே வழியில் ஜிந்துப்பிட்டிக் கோயிலிலும் அர்ச்சனை செய்தாள். இரண்டு இடத்திலும் அவள் கேட்டது ஒன்றையேதான்.

வத்தளையில் இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, தையல் கொம்பனி வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கே “பால் மறக்கடிக்கிற” பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கல்யாணமே ஆகாதவளுக்கு இதிலெல்லாம் எங்கிருந்து இவ்வளவு அறிவு வந்தது என்று அப்பா கேலி செய்வார். சித்தி அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். முதலில் வேப்பெண்ணெய். அம்மா பூசிக்கொண்டு வந்து உட்கார, தம்பி வாயை வைத்தான், முகத்தைச் சுளித்தான், அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையால் அந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தான். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுததையும் பார்த்தேன்.

அப்பாவுக்கும் அதே வியாழக்கிழமைதான் கணக்கு. “அம்மா போறதுக்குள்ள குட்டிய எல்லாம் பிரிச்சு யாருக்காவது குடுத்துரு புள்ள. பொறகு நீ தம்பிய பாப்பியா, மொசல பாப்பியா?” என்றார். நியாயமான கேள்வி. குட்டிகளுக்கு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. குட்டிகளை எப்படிப் பிரிப்பது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளையை எப்படிப் பால் மறக்கடிப்பது என்பது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. எனவே நான் சித்தியின் வேப்பெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு முடுக்குக்குப் போனேன்.

ஒரு முயலை மல்லாக்கப் பிடித்து அதன் வயிற்றில் எட்டு இடத்தில் எண்ணெய் பூசுவது என்பது சொல்லிப் புரிய வைக்கக் கூடிய காரியம் இல்லை. பவுடர் என் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு கீறிவிட்டது. நான்கு இடத்தோடு விட்டுவிட்டேன். அது கூட்டுக்குள் போய் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு இடம் மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் நக்கிச் சுத்தம் செய்தது. மறுநாள் விடிய குட்டிகள் வழக்கம்போலக் குடித்தன. தம்பியிடம் தோற்ற வேப்பெண்ணெய் குட்டிகளிடமும் தோற்றது.

சித்தியின் அடுத்த சட்டம் கண்ணில் படாமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ஃபரீனா ஆன்டியிடம் விட்டாள். “இங்கயே இரு அக்கா. அவன் கத்துறது கேட்டாலும் வராத. மூணு நாளு கத்துவான், நாலாவது நாளு மறந்துருவான். புள்ளைங்க அவ்வளவுதான்” என்றாள். அம்மா ஆன்டியின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நாட்டை விட்டுப் போவதற்கு முன் இருந்த கடைசி ஐந்து நாட்களை அம்மா எங்கள் வீட்டிலிருந்து ஒரு முடுக்குத் தூரத்தில், இன்னொருத்தரின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கழித்தாள். இப்போது யோசிக்கும்போது அது எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. அப்போது அது ஒரு ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

நானும் அதே ஞாயிற்றுக்கிழமை குட்டிகள் ஐந்தையும் ஒரே தடவையில் அள்ளி, ஒரு பழப் பெட்டியில் போட்டு, வீட்டுக்குள் என் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பவுடருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கூட்டின் முன்னால் சாக்குப் போட்டு மூடினேன். சித்தி சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. மூன்று நாள், நாலாவது நாள், எல்லாம் அதே கணக்கு. முயலுக்கும் மனுசருக்கும் ஒரே சட்டம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

தம்பி கத்தினான். அவன் கத்துவது முடுக்கைத் தாண்டிக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. முடுக்கின் இரண்டு பக்கமும் ஒற்றைக் கல் சுவர்தான். பவுடர் கத்தவில்லை, முயல் கத்தாது, ஆனால் சாக்குக்குப் பின்னால் கம்பி வலையை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது நான் இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நடந்து போவேன். ஃபரீனா ஆன்டி வாசலிலேயே நின்று, “உங்கட அம்மா காலயில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல புள்ள, நீங்க சரி சொல்லுங்க” என்பார். நான் சொல்வேன். அம்மா தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, “குடிச்சானா?” என்று கேட்பாள். இல்லை என்றால் தலையை ஆட்டுவாள். எதற்காக ஆட்டினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சித்தி கோயிலடியிலிருந்து இரண்டு பந்து மல்லிகைப்பூ வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அறைக்குள் போனால் பூ வாசம் மூக்கில் ஏறும். பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறான், இவள் பூ வைத்துக்கொள்கிறாளே என்று எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே கோபம் அது, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். அவள் தலையில் ஒரு பூவும் இல்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. என் மகள் பிறந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு சித்தி எனக்கும் இரண்டு பந்து வாங்கிவந்தபோதுதான் எனக்கு அது தெரியவந்தது.

குட்டிகள் தம்பியைவிடக் கெட்டிக்காரர்கள். முதல் நாளே வாடின கங்குனைத் தின்றன, இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் மிஞ்சிய பாண் ஓரத்தைக் கடித்தன, மூன்றாம் நாள் என் செருப்பையும் கடித்தன. ஒன்றுக்குக்கூட வயிற்றால் போகவில்லை. நான் அடிக்கடி கட்டிலுக்குக் கீழே குனிந்து அவற்றை எண்ணிப் பார்த்தேன். புதன்கிழமை காலையில் தம்பி போத்தலைத் தட்டிவிடவில்லை. சித்தியின் மடியில் கிடந்து, கண்ணை மூடிக்கொண்டு, விக்கல் எடுக்க எடுக்கப் பாதிப் போத்தல் குடித்தான். சித்தி அப்பாவைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள், “நல்லது” என்றாள்.

அதே புதன்கிழமை பவுடரும் கீறுவதை நிறுத்தியது. சாக்கை விலக்கிப் பார்த்தேன். மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. நாலாவது நாள், மறந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தி சொன்னால் சொன்னதுதான் என்று நினைத்தேன். போட்ட கீரை அப்படியே கிடந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. தம்பியைத் தூங்கவைத்து உள்ளே கிடத்தியிருந்தார்கள். அம்மா ஃபரீனா ஆன்டியின் வீட்டிலிருந்தே வெளியே வந்தாள். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது சித்தி குறுக்கே நின்றுகொண்டாள். “அவன பாக்காத அக்கா, முழிச்சிட்டான்னா எல்லாம் வீணாப் போயிரும்” என்றாள். அம்மா பார்க்கவில்லை. என் தலையைத் தடவி, கையில் இருந்த கீறலைப் பார்த்து, “மருந்து போடு” என்றாள். வழியனுப்பிவிட்டு வர அப்பா வேனில் ஏறினார், அவளும் ஏறினாள். நான் அழவில்லை. அழாமல் இருந்ததற்குத் தோட்டத்து ஆட்கள் என்னைக் கெட்டிக்காரப் பிள்ளை என்றார்கள்.

வேன் போன பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் முடுக்குக்குப் போய்ப் பவுடரைத் தூக்கினேன். அது உதைக்கவில்லை. வயிற்றுக்கடியில் கையை வைத்தபோது கல்லைப்போல் கட்டிகட்டியாக இருந்தது, நெருப்பாகச் சுட்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. நான் அதைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்துச் சாக்கை மூடினேன். குட்டிகளை ஒரு தடவை கொண்டுபோய் விடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். விட்டால் எல்லாம் வீணாகப் போய்விடும் என்று விடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது பவுடர் செத்து விறைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்த சுனில் மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிங்களத்தில், எல்லாவற்றையும் ஒரே நாளிலா எடுத்தாய் என்று கேட்டார். பெரிய குட்டியை முதலில் எடுத்து, இரண்டு நாள் விட்டு அடுத்ததை எடுத்து, கடைசிக் குட்டியைத் தாயிடம் கொஞ்ச நாள் விட்டு வைக்க வேண்டுமாம். அப்போதுதான் பால் மெல்ல வற்றுமாம். திட்டவில்லை. குட்டிகள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி இரண்டை எடுத்துக்கொண்டு போனார். எல்லாரும் ஒரு கிழமையாகக் குட்டிகள் தின்னுமா, தம்பி குடிப்பானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். தாயைப் பார்க்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அம்மா குவைத்திலிருந்து முதல் தடவை ஃபரீனா ஆன்டியின் டெலிபோனுக்குக் கோல் எடுத்தபோது, தம்பி குடிக்கிறானா என்று கேட்டாள், அப்பாவின் இடுப்பைக் கேட்டாள், பிறகு, “மொசலு?” என்றாள். “நல்லாருக்கு” என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில்தான் எடுப்பாள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பவுடர் நன்றாக இருந்தது, கொழுத்தது, ஒரு தடவை திரும்பவும் குட்டி போட்டது. இரண்டு வருஷம் கழித்து அவள் லீவில் வந்தபோது, மிஞ்சிய குட்டிகளில் ஒன்று வளர்ந்து வெள்ளை வெளேரென்று கூட்டில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைத் தூக்கி, “பவுடர், என்ன தெரியுதா?” என்று கேட்டாள். நான் திருத்தவில்லை. பொய் தன் பாட்டில் நின்றுகொண்டது. தம்பி சித்தியின் பாவாடைக்குப் பின்னால் நின்று அந்தப் புது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய் வந்தாள். இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பதினாறு வீட்டையும் இடித்துவிட்டு ஆட்களைத் தொடர்மாடிகளில் ஏற்றிவிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் மாடி. முடுக்கும் குழாயடியும் பப்பாசியும் இருந்த இடத்தில் லொறிகள் நிறுத்துகிறார்கள். ஃபரீனா ஆன்டி மகனோடு மாளிகாவத்தைக்குப் போய்விட்டார். தம்பி கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒஃபிசில் வேலை செய்கிறான், சம்பளம் வந்ததும் முதலில் சித்திக்கு ஒரு சாறியோ செருப்போ வாங்குகிறான். அம்மா அதைக் குறையாகச் சொன்னதில்லை.

போன மாதம் என் மகள், ஐந்து வயது, எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு முயல் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அம்மா அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, “உங்க அம்மாவும் ஒரு மொசல் வளத்தா. பவுடர்னு பேரு. எத்தன வருசம் இருந்துச்சு தெரியுமா” என்று தொடங்கினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யோசிக்காமல், “அது பவுடர் இல்லம்மா. பவுடர் நீங்க போன மறுநாளே செத்துப்போச்சு” என்றேன்.

அம்மாவின் கை தட்டில் நின்றது. ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள், “பால் கட்டிக்கிட்டுச்சா?” என்று கேட்டாள்.

“ஓ, கட்டிக்கிட்டுச்சு” என்றேன்.

அடுத்த வாயைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினாள். பிறகு, சாமான் விலையைக் கதைப்பதுபோன்ற அதே குரலில், “எனக்கும்தான். மூணு கெழம. காய்ச்ச வேற. அந்த வீட்டு பாத்ரூம்ல கதவப் பூட்டிக்கிட்டு பேசின்ல பிழிஞ்சு ஊத்துவேன், வெளிய அந்த மெடம் தட்டிக்கிட்டே நிக்கும்” என்றாள். மகள் முயலுக்கு என்ன ஆனது என்று கேட்டாள். அம்மா தண்ணீர்க் கோப்பையை அவள் வாயருகில் பிடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா தம்பியைக் கேட்டாள், அப்பாவைக் கேட்டாள், முயலைக்கூடக் கேட்டாள். ஃபரீனா ஆன்டியின் டெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். உங்களுக்கு எப்படி இருக்கிறது அம்மா என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.